மகாராஜா காட்டிய பல்

புன்னைக்கோட்டை ராஜா வீரசிகாமணி ராயருக்குப் பல்வலி வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ராஜாவின் பல்வலி அப்படியல்ல, அது சபைக்கே வந்தாக வேண்டும். மந்திரிகள் ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எந்தக் கன்னம் என்று விசாரிக்க மறந்த சேனாதிபதி, எதற்கு வம்பு என்று இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

ராஜவைத்தியர் சோமநாத பண்டிதர் வந்தார். ஆமாம் சாமி போடுவதில் மூன்று தலைமுறைப் பழக்கம் உள்ள குடும்பம்.

"எந்தப் பல், மகாராஜா?"

ராயர் வலது பக்க மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"அதேதான். வாசலில் நுழையும்போதே நினைத்தேன்" என்ற பண்டிதர், அதைப் பிடுங்கினார். வலி நிற்கவில்லை. மறுநாள் ராயர் பக்கத்துப் பல்லைக் காட்டினார். "எனக்கும் அதன்மேல்தான் சந்தேகம்" என்றார் பண்டிதர். அதுவும் போயிற்று. வலி மட்டும் போகவில்லை.

பண்டிதர் கீழ்வரிசையைப் பார்த்தாரா என்று கேட்பீர்கள். மகாராஜா மேலே என்று சொன்ன பிறகு கீழே பார்ப்பவன் உத்தியோகத்தில் இருக்க முடியுமா?

ஐந்தாம் நாள் ராயரின் கன்னம் வீங்கிவிட்டது. கஞ்சிகூட இறங்கவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பது சரிதான், அவர் போட்ட உத்தரவுகளில் பாதி காற்றாகத்தான் வந்தது.

சபையில் ஓலை வாசிக்கும் நல்லாதன் என்று ஒருவன் இருந்தான். ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பும் குறைகளை ராஜாவுக்கு வாசித்துக் காட்டுவது அவன் வேலை. ஒரு நல்ல சேதியும் இல்லாத ஓலைகளை இருபது வருஷம் வாசித்தும் தலை கழுத்தில் நிற்கிறது என்றால், ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"மகாராஜா, சந்தையில் புளியமரத்தடியில் மருதாயி என்று ஒருத்தி பல் வைத்தியம் பார்க்கிறாள். ஊரே அவளிடம்தான் போகிறது. வரச்சொல்லட்டுமா?"

மருதாயி வந்தாள். கையில் இடுக்கி, மடியில் கிராம்பு எண்ணெய்க் குப்பி. ராயர் மேல்வரிசையில் மூன்றாவதாக ஒரு பல்லைக் காட்டினார். அவள் அதோடு நிற்கவில்லை. வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, விளக்கைக் கிட்டே பிடித்து, கீழ்வரிசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நீங்க காட்டுறது நல்ல பல்லு மகாராசா. கீழ ஒண்ணுதான் சொத்தை. அது கெட்டா மேல வலிக்கிறாப்புல இருக்கும்."

பண்டிதர் எழுந்தார்.

"மகாராஜா மேலே என்கிறார். இவள் கீழே என்கிறாள். அரச வாக்கை மறுத்தவர் எவராயினும், இருக்கும் இடத்தைவிட்டுப் பெயர்த்து எல்லைக்கு அப்பால் எறிய வேண்டும் என்பது நம் சட்டம்."

ராயருக்கு ஒரு பக்கம் வலி, ஒரு பக்கம் ஆத்திரம். காவலரைப் பார்த்துக் கையைச் சொடுக்கினார். அவர்கள் மருதாயியை நெருங்கினார்கள். சந்தையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அவளை வரச்சொன்ன நல்லாதன் குறுக்கே வந்து நின்றான்.

"சட்டப்படியே செய்யலாம் மகாராஜா" என்றான். "ஆனால் தாங்கள் விசாரிக்காமல் தண்டித்ததாக நாளை ஒருவரும் சொல்லக் கூடாது. மறுத்தது யார் என்று இரண்டு பல்லையும் விசாரித்துவிடலாம். ஆளுக்கு ஒரு தட்டுத்தான்."

விசாரணை என்றால் ராயருக்கு எப்போதுமே பிரியம். தலையசைத்தார். மருதாயி இடுக்கியின் பிடியால் மேல்பல்லை மெல்லத் தட்டினாள்.

"வலிக்குதா மகாராசா?"

"இல்லை."

கீழ்ப்பல்லைத் தட்டினாள். ராயர் சிம்மாசனத்திலிருந்து ஒரு முழம் எழும்பி விழுந்தார். அவர் போட்ட கூச்சலில் மந்திரிகள் பிடித்திருந்த கன்னங்களை விட்டுவிட்டார்கள்.

"விசாரணை முடிந்தது" என்றான் நல்லாதன். "மேல்பல் பாவம், வாயே திறக்கவில்லை. தாங்கள் மேலே என்று தீர்ப்புச் சொன்ன பிறகும், தங்கள் உப்பைத் தின்றுகொண்டே, 'இல்லை, நான்தான்' என்று மறுத்தது இந்தக் கீழ்ப்பல்."

"அப்படியானால் இவள்?" என்று சீறினார் பண்டிதர்.

"பல் சொன்னதை இவள் வாசித்தாள், அவ்வளவுதான். நானும் இருபது வருஷமாக அந்த வேலைதான் பார்க்கிறேன். ஓலையில் உள்ளதற்கு வாசித்தவன் தலையை எடுப்பதென்றால், எனக்கு எத்தனை தலை வேண்டும்?"

ராயர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "சரி, மறுத்த பல்லுக்கு என்ன தண்டனை?"

"இருக்கும் இடத்தைவிட்டுப் பெயர்த்து எல்லைக்கு அப்பால் எறிவது. பண்டிதரே இப்போது சொன்னாரே."

மருதாயி ஈறில் கிராம்பு எண்ணெயைத் தடவி, பொறுத்திருந்து, பெயர்த்தாள். ராயர் ஒரு கத்துக் கத்தினார். அத்தோடு சரி. மாலையில் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். மறுநாள் தெம்பாகச் சபைக்கு வந்து, முதல் வேலையாகப் பண்டிதரைக் கூப்பிட்டார்.

"நல்ல பல் இரண்டைப் பிடுங்கினீரே, ஒரு தடவையாவது 'இது இல்லை' என்று சொல்லத் தோன்றவில்லையா?"

"மகாராஜா கேட்பது மிகவும் சரி" என்றார் பண்டிதர்.

ராயர் தலையில் அடித்துக்கொண்டு மருதாயி பக்கம் திரும்பினார். "இன்றுமுதல் நீதான் ராஜவைத்தியர். அரண்மனையிலேயே தங்கிவிடு."

மருதாயி ஒரு தரம் பண்டிதரைப் பார்த்தாள்.

"வேணாம் மகாராசா. இங்க நாலு மாசம் இருந்தா, நீங்க காட்டுற பல்லப் புடுங்க நானும் பழகிருவேன். அடுத்த தடவ வலிச்சா சந்தைக்கு வாங்க. வீங்குற வரைக்கும் இருக்காதீங்க. எனக்கு முன்னாடி ஆள் இருந்தா வரிசையில நிக்கணும்."

ராயரின் மீசை துடித்தது.

"நல்லாதா, இதுவும் அரச வாக்கை மறுப்பதுதானே?"

"சந்தேகமே இல்லை மகாராஜா. இவளை இப்போதே எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம். அடுத்த பல்லுக்குத்தான் பண்டிதர் இருக்கிறாரே."

ராயர் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வர, கொஞ்ச நேரம் ஆயிற்று.