கல் மீனின் மானம்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியாத ஓர் ஊரில், மகுடேசர் என்றொரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர்தான். காலையில் ஒருவர் சொன்னதைச் சரி என்பார், மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொன்னதையும் சரி என்பார். பிறகு இரண்டும் எப்படிச் சரியாகும் என்று சோறு இறங்காமல் குழம்புவார்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த குளத்தில், படித்துறைக்கு எதிரே ஒரு கல்தூண். அதில் அவர் பாட்டனார் செதுக்க வைத்த மீன். அது முழுகியிருந்தால் குளம் நிறைவு என்பது ஊர் வழக்கம். அந்தக் கோடையில் மீனின் முதுகு எட்டிப் பார்த்தது. மன்னருக்கு மானமே போய்விட்டது.

"மீன் வெளியே தெரியலாகாது!" என்று ஆணையிட்டார்.

"அதன் மானம் காக்க உயிரையும் தருவோம்!" என்று சபையே எழுந்து முழங்கியது.

பேரமைச்சர் அனந்தநாரணர் உடனே தண்ணீர் கடைசியாய் எட்டும் கடைமடைத் தெருவின் மதகை அடைத்தார். தம் பூந்தோட்டத்துக்குப் போகும் மதகு மட்டும் ஏனோ அவர் நினைவுக்கு வரவில்லை. ஊற்று நீர் தேங்கி மீன் மறுபடி முழுகியது. கடைமடைத் தெரு வேலம்மை காலிக் குடத்தோடு சபைக்கு வந்து நின்றாள்.

"மவராசா, கல்லு மீனு முங்கிக் குளிக்குது. எம் புள்ளைக்கு நாக்கை நனைக்கத் தண்ணியில்லீங்க."

"நீ சொல்வதும் சரிதான்" என்ற மன்னர், மீனை நினைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

விகடகவி பிச்சாண்டியை மன்னர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சிரிப்பது அமைச்சருக்கு வெகுநாள் எரிச்சல். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மன்னா, மீனும் முழுக வேண்டும், எல்லாத் தெருவுக்கும் தண்ணீரும் ஓட வேண்டும். அதற்கான மூளை பிச்சாண்டிக்கே உண்டு. இயலாவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்."

மன்னர் வழக்கம்போல் சரி என்றுவிட்டார். அப்புறம்தான், இவன் போய்விட்டால் யாரோடு சிரிப்பது என்று அவருக்கு உறைத்தது.

மறுநாள் பிச்சாண்டி எல்லா மதகுகளையும் திறந்துவிட்டான். கடைமடை வரை குடங்கள் நிறைந்தன. மீனின் முதுகும் தெரிந்தது. அமைச்சருக்கு ஒரே குஷி. மன்னர் கலங்கிப்போய் பிச்சாண்டியைப் பார்த்தார்.

"சற்றுப் பொறுங்கள், மன்னா. மீனுக்காக உயிர் தருவதாகச் சொன்னவர்கள் குளத்தில் இறங்கட்டும். உயிர் வேண்டாம், உடம்பு போதும். தொட்டியில் ஆள் இறங்கினால் தண்ணீர் ஏறுமல்லவா?"

சபையோர் பட்டு வேட்டியோடு கழுத்தளவு இறங்கினார்கள். அமைச்சருக்கு நல்ல சரீரம். அவர் இறங்கியதும் தண்ணீர் ஏறியதை எல்லாரும் பார்த்தார்களாம், நம்பினால் நம்புங்கள். பட்டத்து யானையும் இறங்கியது. ஆனாலும் மீனின் துடுப்பு ஒரு நூலளவு தெரிந்தது.

பிச்சாண்டி மன்னரைப் பார்த்தான். இது சரியா தவறா என்று புரியாமலே மன்னரும் இறங்கினார். மீன் முழுகியது. மன்னரின் கால் முழங்கால் வரை புதைந்தது.

"என்னடா இது, இவ்வளவு சேறு?"

"தண்ணீர் இருக்க வேண்டிய இடம் அது, மன்னா. தங்கள் பாட்டனார் காலத்துக்குப் பிறகு யாரும் தூர் வாரவில்லை. மீன் முழுகினாலும் குளத்தில் பாதி சேறுதான்."

"மன்னா, எவ்வளவு நேரம் இப்படி நிற்பது?" என்று அமைச்சர் நடுங்கினார்.

"மழை வரும்வரை" என்றான் பிச்சாண்டி. "இல்லையென்றால் மீனைத் தெரியவிட்டு, ஆளுக்கொரு கூடை சேற்றோடு கரையேறலாம்."

"தெரியட்டும், மன்னா, தெரியட்டும்!" என்று கூவிய அமைச்சர் முதல் ஆளாகச் சேற்றை அள்ளினார்.

மன்னருக்குப் பீறிட்டு வந்தது சிரிப்பு. சேற்றில் நின்றபடியே தம் முத்துமாலையைப் படித்துறையில் குனிந்த பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். குடிக்கும் வாய்களைப் பார்த்து ஒவ்வொரு தெருவுக்கும் முறை வைக்கச் சொன்னார். முதல் முறை கடைமடைக்கு, கடைசி முறை பூந்தோட்டங்களுக்கு.

அடுத்த கோடையிலும் மீன் வயிறு தெரிய வெயில் காய்ந்தது. நிறைகுடத்தோடு போன வேலம்மையை மன்னர் பார்த்தார், மீனையும் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவருக்குக் குழப்பமே வரவில்லை.