கழுதையிடம் போன கக்குவான் இருமல்

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமல்ல, வியாதிகளும் பேசின. அதிலும் கக்குவான் இருமலுக்கு வாய் கொஞ்சம் நீளம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் நுவாலா என்பவளுடைய இரண்டு வயது மகள் ஓனாவின் நெஞ்சில் அது குடியேறி ஒன்பது நாளாகியிருந்தது. இருமும்போதெல்லாம் குழந்தையின் முகம் நீலம் பாரிக்கும். அடுத்த மூச்சு வருமா வராதா என்று நுவாலா தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பத்தாம் நாள் காலையில் மகளைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வைத்தியர் ஃபின்டனிடம் ஓடினாள்.

ஃபின்டனிடம் மருந்து என்று எதுவும் இல்லை. ஒரு கழுதையும் நல்ல பேச்சும்தான் இருந்தன. குழந்தையின் நெஞ்சருகே குனிந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல இருமலிடம் பேசினார்.

"உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. இத்துனூண்டு நெஞ்சுல காலை எப்படி நீட்டுவே? என் கழுதையோட நெஞ்சைப் பாரு, எவ்வளவு விசாலம்! உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஆமா, இங்க ஒரே நெருக்கடி," என்றது இருமல்.

"எனக்கென்ன, தாராளமா வரட்டும்," என்றது கழுதை.

ஃபின்டன் குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கடியில் மூன்று முறை நுழைத்து எடுத்தார். மூன்றாம் முறை இருமல் கழுதைக்குத் தாவியது. ஓனா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

நுவாலா நல்ல மரியாதை தெரிந்தவள். வாய் சும்மா இருக்குமா? "ஐயா, எம் புள்ளையக் காப்பாத்திட்டீங்க! ரொம்ப நன்றி!" என்று கதறிவிட்டாள்.

கழுதைக்குள்ளிருந்த இருமலுக்கு அது கேட்டது. "ஓகோ! இந்த உபகாரமெல்லாம் எனக்கில்லையா? இந்தப் பொடிசுக்கா?" என்று சீறி, ஒரே பாய்ச்சலில் குழந்தையிடமே திரும்பிவிட்டது.

ஓனாவின் உதடு கறுத்தது. ஃபின்டன் எவ்வளவோ குழைந்து பார்த்தார். இருமல் அசையவில்லை. தன் வாயால்தான் பிள்ளை சாகப்போகிறது என்று நுவாலாவுக்குப் புரிந்தது. சட்டென்று மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு வைத்தியர்மேல் எரிந்து விழுந்தாள்.

"யோவ், எங்க வீட்டு இருமல் மேல உனக்கு ஏன்யா கண்ணு? உன் கழுதை சொகமா வச்சுக்கும், நான் வெறுங்கையோட போகணுமா? நீ நல்லா இருப்பியா?"

கண்ணீர் கொட்டியது. ஆனால் குரலை அவள் தணிக்கவில்லை. ஃபின்டனும் குழந்தையை அவள் கையிலிருந்து பறித்துக் கழுதைக்கடியில் நுழைத்தார்.

'இவ இப்படி மல்லுக்கு நிக்கிறான்னா, அங்கதான் சொகம் போலிருக்கு' என்று இருமல் எண்ணியது. மூன்றாம் முறை மறுபடியும் தாவியது.

ஓனா மூச்சுவிட்டாள். நுவாலா அவளை வாங்கிக்கொண்டாள். அந்த மனிதரின் காலில் விழவேண்டும்போல் இருந்தது. வாய்வரை வந்த நன்றியை அடக்கிக்கொண்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்தாள். ஃபின்டனுக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவரும் அவளைக் கூப்பிடவில்லை.

அன்று முதல்தான் கழுதை மூச்சை இழுத்து இழுத்துக் கத்துகிறது. அந்தப் பக்கத்துத் தாய்மார்களும், பிள்ளையைப் பிழைக்க வைத்தவரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல், அழுதுகொண்டே வீடு திரும்புகிறார்கள்.