கட்டையின் மறுமுனை

ஒரு கட்டை கிடக்கிறது. அதன் மேல் ஒரு குரங்கு நிற்கிறது. தான் நிற்கும் அதே கட்டையைக் குரங்கு இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறது. கட்டை எவ்வளவு உயரும்?

அவசரம் வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள். ஒரு காட்டில் இதற்கு விடை தெரியாமல் ஓர் உயிர் போகப் பார்த்தது.

அந்தக் காட்டில் ஓடைக்கரைப் புதரில் காந்தள் என்ற சருகுமான் இருந்தாள். சருகுமான் மான்களிலேயே சின்னது. முயல் அளவுதான் இருக்கும். அவளுடைய ஒரே குட்டியின் பெயர் மொச்சை.

அன்று காலை மொச்சை ஓடையோரப் பள்ளத்தில் படுத்திருந்தது. பக்கத்தில் நின்ற பட்டமரம் ஒன்று மடாரென்று முறிந்தது. நடுவில் ஒரு பாறை அதைத் தாங்கிக்கொண்டது. மரத்தின் மெலிந்த நுனி பாறையைத் தாண்டி ஓடைக்கு மேலே நீண்டது. தடித்த அடிமுனை பள்ளத்துக்குள் இறங்கி, மொச்சையின் பின்னங்காலை அமுக்கியது.

கீழே ஈரமணல். அதனால் கால் ஒடியவில்லை. ஆனால் உருவ முடியவில்லை.

மலையில் மழை பிடித்திருந்தது. ஓடைநீர் கலங்கலாக ஏறிக்கொண்டே வந்தது. பள்ளத்துக்குள் முதல் நீர் கசிந்தபோது காந்தள் அலறினாள்.

“யாராவது வாருங்களேன்! என் குட்டி! என் குட்டி!”

முதலில் வந்தவன் சடையன். அவன் ஒரு கருமந்திக் குரங்கு. அந்தப் பக்கத்தில் அவனைவிடக் கைவலு உள்ளவர் இல்லை. அதை அவனே தினமும் சொல்வான்.

“நகரு அக்கா! இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?” என்றான். தொப்பென்று அடிமுனை மேல் குதித்தான். காலை அகட்டி ஊன்றினான். குனிந்து கட்டையைக் கட்டிப்பிடித்தான். “ஹும்!” என்று தூக்கினான்.

“ஐயோ, வலிக்குது அம்மா!” என்று மொச்சை கத்தியது.

“தூக்குகிறேன் இல்லையா? கொஞ்சம் பொறுத்துக்கொள்!” என்று சடையன் மறுபடியும் தூக்கினான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கட்டை அசையவில்லை.

அப்போது சலசலவென்று ஓசை கேட்டது. முள்ளி என்ற முள்ளம்பன்றி வந்தாள். கட்டையைப் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். பிறகு முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, ஈரமணலில் கோடு இழுக்கத் தொடங்கினாள்.

“ஏய் முள்ளி! படம் வரைகிற நேரமா இது? உன் முதுகில் இருப்பது முள்ளா, எழுதுகோலா?” என்றான் சடையன்.

முள்ளி கோடு இழுத்துக்கொண்டே இருந்தாள். மரம், பாறை, ஓடை, மழை, மந்தி, குட்டி, எல்லாவற்றையும் வரைந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடுகள் ஏறின. அவளுக்கே தலை சுற்றியது.

“ஒன்றும் புரியவில்லை” என்றாள்.

“புரியவில்லையா?” காந்தளுக்கு அழுகை முட்டியது. “தண்ணீர் அவன் வயிற்றுக்கு வந்துவிட்டது, முள்ளி!”

முள்ளி காலால் எல்லாவற்றையும் அழித்தாள். வெறும் மணலில் ஒரே ஒரு கோடு போட்டாள்.

“இது கட்டை. இப்போதைக்கு இது மட்டும் போதும். ஓடை வேண்டாம், மழை வேண்டாம். இந்தக் கட்டையை யார் யார் தொடுகிறார்கள்? மேலே தள்ளுகிறார்களா, கீழே அமுக்குகிறார்களா? ஒருவரையும் விடாமல் சொல்லுங்கள்.”

“பாறை தொடுகிறது. என் குட்டியின் கால் தொடுகிறது” என்றாள் காந்தள்.

“இரண்டும் மேலே தாங்குகின்றன.” முள்ளி இரண்டு முட்களை மேல்நோக்கி வைத்தாள். “கட்டையின் சொந்தக் கனம் கீழே இழுக்கிறது.” இன்னொரு முள்ளைக் கீழ்நோக்கி வைத்தாள்.

“என்னை எங்கே காணோம்? நான் மேலே தூக்குகிறேன். பெரிய முள்ளாகப் பார்த்து வை!” என்றான் சடையன்.

“வைக்கிறேன். உன் கை மேலே இழுக்கிறது. சரி. உன் கால் எங்கே இருக்கிறது?”

“கட்டை மேல்தான்.”

“கை எவ்வளவு இழுக்கிறதோ, கால் அவ்வளவும் கூடுதலாக மிதிக்கிறது. அந்த இரண்டு முள்ளும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மிச்சம் இருப்பது உன் உடம்புக் கனம் மட்டும். அதுவும் குட்டியின் கால் மேல்!”

சடையன் தன் காலைப் பார்த்தான். கையைப் பார்த்தான். சத்தமில்லாமல் கீழே இறங்கினான்.

“வேறு யார்?” என்றாள் முள்ளி.

காந்தள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“இன்னும் ஒருவர் பாக்கி” என்றாள் முள்ளி. தலை நிமிராமல்தான் சொன்னாள்.

காந்தள் குனிந்தாள். தன் முன்னங்கால்கள் இரண்டும் கட்டையின் அடிமுனை மேல் இருப்பதை அப்போதுதான் கண்டாள். குட்டியின் முகம் பள்ளத்துக்குள் இருந்தது. கட்டை மேல் ஏறிச் சாய்ந்தால்தான் அதை நக்கிக்கொடுக்க எட்டும். காலையிலிருந்து அவள் அப்படியேதான் நின்றிருந்தாள்.

“நானா?” என்றாள்.

“நீயும்தான்.”

நெருப்பை மிதித்தவள்போல் காந்தள் துள்ளி இறங்கினாள்.

“அம்மா, இப்போது வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது!” என்றது மொச்சை.

நல்ல செய்திதான். ஆனால் காந்தளுக்கு நெஞ்சைக் கீறியதுபோல் இருந்தது.

“கால் இன்னும் வரவில்லை” என்றாள் முள்ளி. “பாறைக்கு இந்தப் பக்கம் அமுக்கினால் குட்டிக்கு வலி. அந்தப் பக்கம் அமுக்கினால் இந்த முனை எழும்ப வேண்டும். சடையா, பாறையைத் தாண்டிப் போய் உட்கார்!”

சடையன் தாவினான். பாறையை ஒட்டி உட்கார்ந்தான். கட்டை கொஞ்சம்கூட எழவில்லை.

“அந்தப் பக்கம்தானே இருக்கிறேன்!” என்றான் பரிதாபமாக.

முள்ளி நெற்றியைச் சுருக்கினாள். ஒரு கூழாங்கல் மேல் ஒரு குச்சியை வைத்தாள். குச்சியின் இந்த முனையில் ஒரு புங்கங்கொட்டை வைத்தாள். இன்னொரு கொட்டையைக் கல்லின் மறுபுறம், கல்லை ஒட்டி வைத்தாள். குச்சி அசையவில்லை. அந்த இரண்டாவது கொட்டையை நுனியை நோக்கி நகர்த்தினாள். குச்சி சாய்ந்தது.

“எவ்வளவு கனம் என்பது மட்டும் கணக்கில்லை. பாறையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் கணக்கு. நுனிக்குப் போ, சடையா!”

சடையன் நகர்ந்தான். அடிமுனை லேசாக எழும்பியது. இன்னும் நகர்ந்தான். நுனிப்பக்கம் ‘மளுக்’ என்றது.

“இதற்கு மேல் தாங்காது! உடைந்துவிடும்!” என்று கத்தினான்.

“அப்படியே இரு! இன்னும் கொஞ்சம்தான் எழ வேண்டும். நுனிக்குப் போக எடை குறைந்த ஒருவர் வேண்டும். நான் உன்னைவிடக் கனம்.”

முள்ளி அதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியைக் காந்தளே புரிந்துகொண்டாள். நுனியிலிருந்து பார்த்தால் பாறை மறைக்கும். குட்டியைப் பார்க்க முடியாது.

நீர் மொச்சையின் தாடையைத் தொட்டது.

“போகாதே அம்மா! பக்கத்திலேயே இரு!”

“கண்ணு, நான் எங்கும் போகவில்லை. இதே கட்டையின் அந்த முனைக்குத்தான் போகிறேன். அங்கிருந்து குளம்பால் தட்டுவேன். கட்டை வழியாக உன் காலுக்குத் தெரியும். தட்டல் நின்றதும் காலை இழு. சரியா?”

மொச்சை மூக்கை உயரத் தூக்கிக்கொண்டு, “சரி” என்றது.

காந்தள் பாறை மேல் ஏறினாள். சடையனைத் தாண்டினாள். கட்டை மெலிந்துகொண்டே போனது. கீழே ஓடை சுழித்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை தட்டினாள். டொக். டொக். டொக்.

நுனி மெல்லத் தாழ்ந்தது. அவளுடைய குளம்பு நீரில் நனைந்தது. அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

ஓடையின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு கணம் அவளுக்கு ஒரு பகல் நீளம் இருந்தது.

“வந்துவிட்டான்!” என்று முள்ளியின் குரல் கேட்டது. “வெளியே வந்துவிட்டான், காந்தள்!”

காந்தள் எப்படித் திரும்பி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. குட்டியைத் தலையிலிருந்து வால் வரை நக்கினாள். சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூசி” என்றான். அத்தனை ஈரத்தில் தூசி எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மேட்டுக்குப் போகும் வழி குறுகல், அதிலும் வழுக்கல். மொச்சை ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. விழுந்துவிடுமோ என்று காந்தள் அதன் விலாவில் தோளை முட்டுக் கொடுத்தாள். அவள் தோள் பட்டபோதெல்லாம் குட்டி நொண்டும் காலின் பக்கமே சரிந்தது. இரண்டு முறை சரிந்த பிறகு, தன் தோள்தான் தள்ளுகிறது என்று காந்தளுக்கு விளங்கியது. நின்றாள்.

“என் மேல் சாய்ந்து வருகிறாயா கண்ணு, இல்லை தனியாக நடக்கிறாயா?” என்று கேட்டாள்.

அன்புக்கும் கனம் உண்டு. அதைக் குறைக்க வேண்டியதில்லை, எங்கே வைத்தால் தூக்கும், எங்கே வைத்தால் அமுக்கும் என்று பார்த்து வைக்க வேண்டும்.

மொச்சை தனியாக நடப்பதாகச் சொன்னது.