துபாஷிக் கிளி மிளகாய் தின்ற கதை

செடியும் கொடியும் பறவையும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மனிதர்கள்தான் கரைக்கொரு பாஷையை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சங்குமுனைத் துறையில் சொக்கி என்ற கிளிக்கு ஓய்வே கிடையாது. அரபுக் கப்பல் வந்தாலும் சீனக் கப்பல் வந்தாலும், வந்தவன் தோளில் ஒரு தரம், ஊர்த்தலைவரான பட்டங்கட்டியின் தோளில் ஒரு தரம் என்று மாறி மாறி உட்கார்ந்து, இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் எடுத்துச் சொல்வாள். துபாஷி என்றால் அந்தக் கரையில் அவள்தான்.

கெட்டிக்காரி. ஒரே ஒரு பழக்கம்தான் சரியில்லை. யாராவது நீட்டி முழக்கினால் அவளுக்குப் பொறுக்காது. பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வாள். சாரம் போய்ச் சேர்ந்தால் போதாதா என்பது அவள் கட்சி.

ஒரு கோடைக் காலையில், அந்தக் கரை அதுவரை பார்த்திராத மாதிரி ஒரு கப்பல் வந்து நின்றது. மூன்று பாய்மரம், வெயிலில் வெளுத்த பாய்கள். அதிலிருந்து ஒரு படகு இறங்கி வந்தது. பத்துப் பேர், பத்துக் காலிப் பீப்பாய். எல்லாருடைய உதடும் வெடித்திருந்தது. அவர்களுக்குத் தலைவன் போலிருந்தவன் பெயர் தூவார்த்து. அவன் பீப்பாய் உருட்டவில்லை. பாதியாக அறுத்த ஒரு சின்னப் பீப்பாயைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தான். அதற்குள் மண், மண்ணில் ஒரு செடி, செடி முழுக்க விரல் நீளத்துக்குச் சிவப்புப் பழங்கள்.

சொக்கி அவனிடம் பேசிவிட்டுப் பட்டங்கட்டி வலம்புரியானின் தோளுக்குத் தாவினாள்.

"தண்ணி வேணுமாம் அண்ணாச்சி. கப்பலில் இன்னும் முப்பது பேர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாங்களாம். இன்னைக்குத் தண்ணி போய்ச் சேராவிட்டால் நாளைக்குப் பாதிப் பேர் இருக்கமாட்டாங்களாம்."

"தண்ணிக்கென்ன, இருக்கு," என்றார் வலம்புரியான். "நல்ல தண்ணிக் கிணறு விருந்தாளிக்கு. முதல்ல விருந்தாளி ஆகட்டும்."

அந்தத் துறையின் வழக்கம் அது. கடல்வழி வந்தவன் தன் கையால் எதையாவது தின்னக் கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் அதை வாங்கி, அவன் கண் முன்னாலேயே மென்று விழுங்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது; துப்பினால் அவனை எதிரி என்று அறிவித்ததாக அர்த்தம். விழுங்கிவிட்டால் அவன் விருந்தாளி. பிறகு கிணறு அவனுக்கும் சொந்தம்.

தின்ன எதையாவது கொடுக்கணுமாம் என்று மட்டும் சொக்கி சுருக்கிச் சொன்னதும் தூவார்த்து திகைத்தான். கப்பலில் மிஞ்சியிருந்தது ரொட்டி. ரொட்டியை விட அதில் வண்டு அதிகம். கொஞ்சம் யோசித்துவிட்டு இடுப்பிலிருந்த செடியைக் கீழே வைத்தான். வறண்ட தொண்டையால் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான்.

"இது மேற்கே, பெரிய கடலுக்கு அந்தப்புறம் கிடைத்தது. எங்கள் கடல் வரைபடத்தில் இல்லாத கரை. புது நாடு கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளிக் குதித்து இறங்கினோம். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொடுத்த செடி. வழியெல்லாம் என் பங்குத் தண்ணீரில் பாதியை இதற்கு ஊற்றினேன். பச்சையாகக் கடித்துவிடக் கூடாது. பத்துப் பேர் சாப்பிடும் பானைக்கு ஒரு பழம், அதுவும் அரைத்து..."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படகில் சாய்ந்திருந்த ஒருவன் கண்ணை மூடிவிட்டான். சொக்கிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சரி சரி, புரிந்தது," என்று பறந்து வந்தாள்.

"தூர தேசத்துப் பழமாம் அண்ணாச்சி. தின்னக் கொடுக்கிறார். வாங்கிக்கோங்க."

வலம்புரியானும் ஏழு பெரியவர்களும் வரிசையாகக் கை நீட்டினார்கள். தூவார்த்து ஆளுக்கொன்று பறித்துக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் அரைப்பார்கள் என்று நினைத்தான். அவர்கள் அங்கேயே, காம்போடு, நாவல்பழத்தைப் போடுவது போல வாயில் போட்டு நன்றாக மென்றார்கள்.

முதலில் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டே மென்றார்கள். மரியாதை. பிறகு வலம்புரியானின் காது சிவந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்ற குட்டையான பெரியவர் சும்மா நின்ற இடத்திலேயே நடக்க ஆரம்பித்தார். எட்டுப் பேர் கண்ணிலும் தாரை தாரையாக நீர் கொட்டியது. ஆனாலும் ஒருத்தரும் துப்பவில்லை, விழுங்கினார்கள்.

விழுங்கியதும்தான், "விஷம்," என்றார் வலம்புரியான், பாதிக் குரலில்.

அவ்வளவுதான். இளவட்டங்கள் துடுப்பையும் ஈட்டியையும் எடுத்துக்கொண்டு பீப்பாய்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். தூவார்த்துக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொன்னாய் அவர்களிடம்?" என்று கிளியைப் பார்த்தான்.

இந்த ஆள் கெட்டவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொக்கி தப்பித்துவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. படகில் கண்ணை மூடியிருந்தவனைப் பார்த்தாள். வந்ததை விழுங்கிவிட்டாள்.

"விஷமில்லை அண்ணாச்சி. தப்பு என் மேலதான். அவர் பானைக்கு ஒண்ணுன்னு சொன்னார், பச்சையாத் தின்னாதேன்னும் சொன்னார். நான் சுருக்கிட்டேன்."

வலம்புரியானின் மனைவி கடலாச்சி மோர்ச்சட்டியோடு ஓடி வந்திருந்தாள். "சுருக்கினியா? நாக்கு இருக்கிற இடம் தெரியாம நிக்கிறாரு இந்த மனுசன். இப்ப நீ சொல்றது மட்டும் முழுசுன்னு எப்படி நம்புறது?"

"நியாயம்தான் மதினி," என்றாள் சொக்கி. பேச்சு செல்லாமல் போனபின் அவளிடம் வேறென்ன இருந்தது? செடியின் மேல் போய் உட்கார்ந்தாள். "விஷம்னா நான் சாகிறேன். சாகலைன்னா அவங்களுக்குத் தண்ணி குடுங்க."

முதல் பழத்தைக் கடித்தாள். மூக்கில் கொள்ளிக்கட்டையைச் சொருகியது போலிருந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழாவது பழத்தில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"போதும் விடு," என்றது செடி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "உனக்கு என்னடி பிடிவாதம்?"

"நீ சும்மா இரு. இன்னும் நாலு இருக்கு."

"இந்தக் காரம் எனக்கு வேலி. விதையைப் பல்லால் கடித்து அரைக்கிறவர்களுக்காகப் போட்டது. இதுவரை என்னைக் கடித்தவர்கள் எல்லாரும் திட்டினார்கள். நீ உன் தப்புக்கு என்னைத் திட்டவில்லையே."

"உன்னை எதுக்குத் திட்டணும்? உன்னைப் பத்திச் சரியாச் சொல்லாதது நான்."

செடி ஓர் இலையை அவள் பக்கம் சாய்த்தது. பிறகு சொன்னது: "அப்படியானால் என் வேலிக்கு உன்னிடம் வேலையில்லை. நீ மட்டும் எப்போதும் உள்ளே வரலாம். விதையைக் கடிக்காமல் போகிற இடத்திலெல்லாம் போட்டுவிடு. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இனிமேல் இதுதான் என் ஊர்."

எட்டாவது பழம் உறைக்கவில்லை. ஒன்பதாவது இனித்தது. பதினொன்றையும் தின்று முடித்துவிட்டு, அலகைச் செடியின் தண்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அதுவரை சாம்பல் நிறமாக இருந்த அவள் மூக்கு பழுத்த பழத்தைப் போலச் சிவந்துவிட்டிருந்தது. ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

இதற்குள் வலம்புரியானுக்கும் எரிச்சல் அடங்கியிருந்தது. மூக்கை உறிஞ்சினார். எதையோ தேடுகிறவர் போல உதட்டை நக்கினார்.

"ஏளா, வீட்ல மீன்குழம்பு இருக்கா?" என்றார் மனைவியிடம்.

"இப்பத்தான் சாகக் கிடந்தீங்க."

"பசிக்குது. இந்த மாதிரி பசிச்சு எத்தனையோ வருசமாச்சு." பிறகு இளவட்டங்களைப் பார்த்து, "என்னலே வேடிக்கை? விருந்தாளி கையால விழுங்கியாச்சு. பீப்பாயை உருட்டுங்க," என்றார்.

பத்துப் பீப்பாயும் நிறைந்து கப்பலுக்குப் போயின. படகிலிருந்தவன் கண் திறந்து குடித்தான். மூன்றாம் நாள் கப்பலில் படுத்திருந்தவர்களும் எழுந்து கரைக்கு வந்து, கடலாச்சி வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டார்கள். செடியில் காயாக இருந்து அதற்குள் சிவந்ததில், பானைக்கு ஒரு பழம், அரைத்து. வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்கள். புறப்படும்போது தூவார்த்து செடியைத் தூக்கப் போனான். அது பீப்பாயின் அடி இடுக்கு வழியே மண்ணில் வேர் பிடித்துவிட்டது. சிரித்துவிட்டு, தன் பங்குத் தண்ணீரில் கடைசியாக ஒரு கை ஊற்றிவிட்டுப் போனான்.

சொக்கி பறந்து உட்கார்ந்த வேலியோரமெல்லாம் அடுத்த மழைக்குச் செடி முளைத்தது. அன்று முதல்தான் நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடிக்கிற மிளகாயைக் கிளி நிதானமாகத் தின்கிறது. அதன் மூக்கும் ஆறாத சிவப்பாக இருக்கிறது. அதோடு, யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும், எவ்வளவு வெயிலானாலும், ஒரு சொல்லைக்கூடச் சுருக்காமல் அப்படியே திருப்பிச் சொல்கிறது.