முத்திரை பெற்ற மடைப்பள்ளி

கழிமுகநாடு என்று ஒரு நாடு. அதற்கு ஒரு ராஜா. ராஜா இல்லாத நாட்டை நினைத்துப் பார்க்க அந்தக் காலத்தில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை, என்ன செய்வது. அவர் பெயர் கோடைமார்த்தாண்டர். கெட்டவர் அல்ல. ஓலையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால் எதையும் நம்பிவிடுவார், அவ்வளவுதான்.

அந்த ஊரில் இரண்டு வைத்தியசாலைகள். உப்பளத் தெருவில் இருந்ததை நல்லாண்டி என்ற வைத்தியர் நடத்தினார். உப்பு வாருகிறவர்கள் கால் வெடித்து, புண் அழுகி, அங்கேதான் வருவார்கள். மாடவீதியில் இருந்ததை நடத்தியவர் தணிக்கை அதிகாரி திரிபுராந்தகரின் மைத்துனர். அங்கே யார் போவார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் திரிபுராந்தகர் இரண்டையும் தணிக்கை செய்யக் கிளம்பினார். தரையில் கறை இருக்கக்கூடாது, மருந்துச் சாடி வாய்வரை நிறைந்திருக்க வேண்டும், வாசலில் கூட்டம் கூடாது, உள்ளே முனகல் கேட்கக்கூடாது. இவை அவரே எழுதிய விதிகள். உடம்பு சரியில்லாமல் ஒருநாளும் படுக்காதவர் எழுதிய விதிகள்.

உப்பளத் தெருவில் வாசலிலேயே அறுபது பேர். உள்ளே தரையெல்லாம் கஷாயமும் சீழும். அதிகாரி பட்டு அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு சாடிக்குள் அளவுகோலை விட்டார். அடியில் நாலு விரல் உயரம்கூட மருந்து இல்லை. காலையில் நிறைந்துதான் இருந்தது, வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் நல்லாண்டி. அதிகாரி ஓலையில் எழுதிக்கொண்டார்: "மருந்தை வீணாக்குகிறார்."

மாடவீதியில் தரை கண்ணாடி போல் மின்னியது. சாடிகள் நிரம்பி வழிந்தன. ஒரு முனகல் இல்லை, முனக ஓர் ஆளும் இல்லை. முதல்தர முத்திரை விழுந்தது.

மறுநாள் சபையில் ராஜா ஓலையைப் படித்தார். உப்பளத் தெரு வைத்தியசாலையை மூன்றாம் நாள் பூட்டிவிட உத்தரவானது. சபை வாசலில் நின்ற மாரிக்கனி என்ற உப்பளத்துப் பெண் காலில் கட்டுடன் உள்ளே நுழையப் பார்த்தாள். காவலர்கள் மறித்தார்கள். அவள் யாரையும் கெஞ்சவில்லை.

"பூட்டுறவரு எங்க காலையும் சேத்துப் பூட்டிட்டுப் போகட்டும். புண்ணோட உப்புல நிக்கிறது அவரு இல்லியே."

அதைச் சபையில் எல்லோரும் கேட்டார்கள். காதில் வாங்கியவர் ஒருவர்தான். அவர் ஆலாலசுந்தரம், அரசவை விகடர். எழுந்து கைகூப்பினார்.

இவ்வளவு அருமையான விதிகளை வைத்தியசாலையோடு நிறுத்துவது அநியாயம் என்றார். அரண்மனை மடைப்பள்ளிக்கும் முதல்தர முத்திரை வேண்டாமா? அதிகாரியின் விதிகளை ஒன்றுவிடாமல் தாமே அங்கே நிறைவேற்ற ஒருநாள் அனுமதி கேட்டார். திரிபுராந்தகருக்குப் பெருமை தாங்கவில்லை. ராஜா அங்கேயே முத்திரை வைத்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் ஆலாலசுந்தரம் மடைப்பள்ளிக்குப் போனார். தலைமைப் பரிசாரகர் வேங்கடப்பர் முத்திரை ஓலையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினார்கள். தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி செய்தார்கள். அரிசி, பருப்பு, நெய்ச் சாடிகளை வாய்வரை நிரப்பி மூடி போட்டார்கள். தட்டேந்தி நின்ற காவலர்களை வாசலிலிருந்து விரட்டினார்கள்.

உச்சி வேளை. ராஜா இலை முன் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்தார். காத்திருந்தார். தெளித்த தண்ணீரும் காய்ந்தது. பசியில் அவருக்குக் கண் சிவந்தது. இடையில் ஒரு வாய் கூழாவது வருமா என்று கேட்டனுப்பினார். வரவில்லை. வேங்கடப்பர் வந்து, விகடர்தான் காரணம் என்று கையைக் காட்டினார்.

"என்னய்யா இது? சோறு எங்கே?"

"மடைப்பள்ளி முதல்தரத்தில் தேறிவிட்டது மகாராஜா. வந்து பாருங்கள்" என்றார் ஆலாலசுந்தரம்.

ராஜா எழுந்து போனார். திரிபுராந்தகரும் பின்னால் போனார். தரை மின்னியது. சாடிகளில் அளவுகோலை விட்டார் அதிகாரி. வாய்வரை இருந்தது. பழக்கதோஷம், 'பேஷ்' என்று சொல்லிவிட்டார்.

"சமைக்கவே இல்லையா?" என்றார் ராஜா.

சமைத்தால் சாடி குறையும், தரையில் கஞ்சி சிந்தும், வாசலில் பசித்தவர்கள் கூடுவார்கள், நான்கில் மூன்று விதிகள் கெட்டுப்போகும் என்று பணிவாக விளக்கினார் ஆலாலசுந்தரம்.

திரிபுராந்தகருக்கு ஆத்திரம் வந்தது. "மடைப்பள்ளியும் வைத்தியசாலையும் ஒன்றா? மடைப்பள்ளி பசித்தவனுக்காக இருக்கிறது."

"சரி ஐயா. வைத்தியசாலை யாருக்காக இருக்கிறது?"

இருபது வருஷம் தணிக்கையே செய்தவர். யோசிக்காமல் பதில் வந்தது.

"தணிக்கைக்காக."

ராஜாவுக்குப் பசியோடு சிரிப்பும் சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பூட்டு உத்தரவை அங்கேயே வரவழைத்துக் கிழித்தார். மாடவீதியிலிருந்த மருந்துச் சாடிகளை அப்படியே நல்லாண்டியிடம் கொண்டுபோகச் சொன்னார். இனி வைத்தியசாலையைத் தணிக்கை செய்ய வருகிறவர், முதலில் வரிசையில் நிற்கிற அறுபது பேரிடமும் பேசிவிட்டுத்தான் ஓலையை எடுக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார். ராஜாக்களுக்குப் புத்தி வர ஒருவேளைப் பட்டினி போதும். நமக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது, அவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் ஆலாலசுந்தரத்திடம்.

"அடுப்பை மூட்டச் சொல்லுங்கள் மகாராஜா. காலையிலிருந்து நானும் இந்த முதல்தர மடைப்பள்ளியில்தான் சாப்பிடுகிறேன்."