பெயர் கேட்கக் கூடாத கூட்டம்

தீர்ப்புச் சொல்ல நாக்கு துறுதுறுக்கும் ஆட்களுக்கென்றே ஒரு வழக்கு இருக்கிறது. கடைசிவரை கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரி. புதன்கிழமை காலைகளில் அங்கே ஒரு கூட்டம் நடக்கும். மேற்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர் ஒருவர், காப்பாற்ற முடியாமல் போன ஒரு நோயாளியின் கதையைச் சொல்வார். எங்கே பிசகியது என்று மூத்த டாக்டர் ஒருவர் அலசுவார். நோயாளியின் பெயரையும் ஊரையும் மாற்றித்தான் சொல்ல வேண்டும். வைத்தியம் பார்த்தவர் யார் என்று கேட்கவே கூடாது. தப்பைப் படிப்பதற்காகக் கூடுகிறார்கள், ஆளைக் கிழிப்பதற்காக அல்ல.

ஆனால் போன வருடம் மூத்த டாக்டர் சற்குணம் அதைத்தான் செய்தார், கிழிபட்டவள் மேற்படிப்புப் படிக்கும் பொற்கொடி.

ஒரு ஞாயிறு மதியம் முத்துப்பேச்சி என்ற அம்மாள் மேல்வயிற்று வலியோடு வார்டுக்கு வந்தார். சர்க்கரை வியாதிக்காரர், உடம்பெல்லாம் வேர்வை. பொற்கொடி சற்குணத்துக்கு போன் போட்டாள். அவர் கல்யாணப் பந்தியில் இருந்தார். சர்க்கரையைச் சொன்னாள், வேர்வையை இரண்டு தடவை சொன்னாள். "வாயுதாம்மா. ஊசியைப் போட்டுப் படுக்க வை, காலையில பாக்கலாம்" என்றார். அவள் அப்படியே செய்தாள். பொழுது சாய்வதற்குள் முத்துப்பேச்சி போய்விட்டார். மாரடைப்பு. "வாயுன்னுதானம்மா சொன்னீங்க?" என்று மகள் பொற்கொடியைக் கேட்டாள்.

அந்த வாரக் கூட்டத்தில் வேறொரு மாணவர் இந்தக் கேஸைச் சொல்ல, அலச வந்த சற்குணம் கட்டுப்பாட்டைக் காற்றில் பறக்கவிட்டார். "இந்தக் கேஸைப் பாத்தது யாரு? எந்திரி" என்றார். பொற்கொடி எழுந்தாள். "போன் பண்ணினேன் சார்" என்று ஆரம்பித்ததும் அவர் மறித்தார். "பண்ணின. வேர்க்குதுன்னு சொல்லவே இல்லையே? ஒழுங்கா ஒரு போன் பேசத் தெரியல, நீ எல்லாம் எதுக்கு இந்தப் படிப்புக்கு வந்த?" அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்தது. துறைத் தலைவி திலகவதி வாயே திறக்கவில்லை. அவமானத்தைவிட அந்தப் பொய்தான் பொற்கொடிக்கு எரிந்தது. இந்த ஆளை இதே அரங்கத்தில் நிறுத்தாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

இந்த வருடம் கதை சொல்லும் முறை அவளுக்கு வந்தது. அலசுபவர் சற்குணம். அதே கேஸை எடுத்தாள். அம்மாளைத் தென்காசித் தாத்தாவாக்கினாள், கல்யாணப் பந்தியை விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி: சர்க்கரை, வேர்வை, போன், வாயு. கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. ஆனால் வந்தவருக்கெல்லாம் வாயு என்று சொல்கிற மனிதருக்கு எந்த வாயு என்று எப்படி நினைவிருக்கும்?

சற்குணம் துள்ளி எழுந்தார். "சர்க்கரைங்கிறாங்க, வேர்வைங்கிறாங்க, அதுக்கப்புறமும் வாயுன்னு ஒருத்தர் சொல்லியிருக்காருன்னா அவரெல்லாம் டாக்டரா? அவர்கிட்ட என் வீட்டு நாயைக்கூட விடமாட்டேன்!"

பொற்கொடிக்கு உள்ளே பால் வார்த்தது போல இருந்தது. பேசட்டும், இன்னும் பேசட்டும் என்று காத்திருந்தாள். அவரும் பேசினார்.

"போன் போட்ட ஜூனியர் மட்டும் யோக்கியமா? நோயாளி கண் முன்னால கிடக்காரு. ஈ.சி.ஜி. மெஷின் பக்கத்துலயே இருக்கு. பெரியவர் சொல்லிட்டா, எடுத்துப் பாக்கக் கூடாதுன்னு கையைக் கட்டிட்டாங்களா?"

யாரும் பொற்கொடியின் கையைக் கட்டவில்லைதான். ஒரு வருடமாக அவரையே திட்டித் திட்டி, தன் பங்கை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

சற்குணத்துக்குச் சூடு அடங்கவில்லை. "யாரும்மா அது? பேரைச் சொல்லு!"

"சற்குணம், இங்க பேர் கேக்கறதில்ல" என்றார் திலகவதி, ஒரு வருடம் தாமதமாக. பிறகு பொற்கொடியிடம், "உன் இஷ்டம்மா. சொல்லணும்னா சொல்லு, இல்லேன்னா உக்காரு" என்றார்.

அடுத்த மாதம் அவளுக்கு இறுதித் தேர்வு. தேர்வாளர்களில் சற்குணமும் ஒருவர். பெயரைச் சொன்னால் படிப்பு போகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பொய் அவள் தலையிலேயே தங்கிவிடும். சொன்னாலும், போன வருடத்துக் கோபத்தில் புளுகுகிறாள் என்று அவர் ஒரே வரியில் தள்ளிவிடலாம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொற்கொடி உட்கார்வது சரியா, பெயரைச் சொல்வது சரியா? சொல்வதென்றால் யார் பெயரை?

விடை: உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் முத்துப்பேச்சியின் வேர்வையைப் பொற்கொடி சொல்லவே இல்லை என்றே ஆகிவிடும். சற்குணத்தின் பெயரை மட்டும் சொல்வதும் சரியில்லை. இரண்டு பேர் செய்த தப்புக்கு ஒருத்தியை மட்டும் நிறுத்தியவர் சற்குணம், அதையே அவளும் செய்தால் அவருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே இரண்டு பெயர், அதிலும் தன் பெயர் முதலில். தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு பேசுகிறவளைப் பொய்க்காரி என்று தள்ளுவது கஷ்டம். பொற்கொடி அப்படித்தான் சொன்னாள்: "ஈ.சி.ஜி. எடுக்காத ஜூனியர் நான் சார். வாயுன்னு சொன்ன டாக்டர் நீங்க." சொல்லிவிட்டு அவர் முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். பார்த்தது தப்பு என்பவர்கள் இருக்கலாம். சரியானதைச் செய்துவிட்டு அதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டால் என்ன?