இருபதாவது விசில்

"மாஸ்டர், இந்த சைக்கிள்ல பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது!" என்றார் குழந்தைவேல்.

சேலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். வயது ஐம்பத்து நான்கு. ஏற்காட்டில் மலைச் சைக்கிள் கற்றுத்தரும் ரோஸ்லினுக்கு இருபத்தேழு. கற்றுத்தருபவர் யாரானாலும் அவருக்கு மாஸ்டர்தான்.

"புது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஒத்தை விரல் போதும்னு கடைக்காரன் சத்தியம் பண்ணான். நாலு விரல்ல புடிச்சாலும் வழுக்குது. மூணு வாரமா தள்ளிக்கிட்டே இறங்குறேன். டீக்கடையில உக்காந்து எல்லாரும் சிரிக்கிறானுங்க. இன்னிக்கும் ஓட்டி இறங்கலைன்னா வித்துடுவேன்."

ரோஸ்லின் குனிந்து பிரேக் தகட்டைப் பார்த்தாள். ஒரு கீறல் கூட இல்லை.

"புது பிரேக் அப்படித்தான் சார். வேகமா வந்து அழுத்திப் பிடிக்கணும். ஒரு இருபது தடவை. அப்புறம்தான் பிடி வரும்."

"பிடிச்சாத்தானே மாஸ்டர் வேகமா வர முடியும்?"

"வேகமா வந்தாத்தான் சார் பிடிக்கும்."

முப்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஊரார் ஓட்டும் வண்டிக்கெல்லாம் பிரேக் மிதித்தே பழகிய கால் அவருடையது. பாவம், தலையைச் சொறிந்தார்.

"நான் பின்னாடியே வர்றேன். விசில் அடிச்சா பிடிங்க. அதுவரைக்கும் பிரேக்கைத் தொடக்கூடாது."

காபித் தோட்டத்து மண்பாதையில் இறங்கினார்கள்.

முதல் விசில். சைக்கிள் வழுக்கிக்கொண்டே போய் ஒருவழியாக நின்றது.

ஆறாவதில் பிரேக் உறுமியது. பன்னிரண்டாவதில் மூன்று விரல்களுக்கு வேலை போய்விட்டது.

பத்தொன்பதாவதில் தொட்டதுமே நின்றது.

"அடி சக்கை!" என்று கத்திக்கொண்டே மறுபடி விட்டார்.

சரிவு கூடியது. காதில் காற்று இரைந்தது. எதிரே வளைவு.

விசில் வரவில்லை.

"மாஸ்டர்!"

இன்னும் உரக்கக் கத்தினார்.

"மாஸ்டரே!"

வளைவு கிட்டே வந்துவிட்டது. ஒரு விரல் அழுந்தியது. சைக்கிள் அடங்கித் திரும்பியது. விரல் எழுந்தது. அங்கிருந்து டீக்கடை வரைக்கும் அவர் சிரித்த சிரிப்பு தோட்டம் முழுக்கக் கேட்டது. கூட்டாளிகள் கிளாசோடு எழுந்து நின்றுவிட்டார்கள்.

ரோஸ்லின் ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வந்தாள்.

"என்ன மாஸ்டர், இருபதாவது விசில் அடிக்கவே இல்லை? ரெண்டு தடவை கூப்பிட்டேனே!"

"காதுல விழலை சார். நான் பத்தொன்பதுலயே நின்னுட்டேன்."

குழந்தைவேல் அண்ணாந்து மலையைப் பார்த்தார். அந்த வளைவைப் பார்த்தார்.

சைக்கிளைத் திருப்பி மேலே தள்ள ஆரம்பித்தார்.

"சார், டீ ஆறுது!"

"ஆறட்டும்!"